ஆலோசகர் அறையின் வாடை

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு முன்னால் தெரிந்துவிடுகிற ஒரே ஆள் குழாய் அண்ணன்தான். நான் ஜன்னலிலும் மாடியிலும் கால் கடுக்க நின்று தெரிந்துகொள்வதை, அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்வார். தெரிந்து என்ன பிரயோஜனம், வாயைத் திறக்க மாட்டார். காபி கொடுத்து உட்கார வைத்து எத்தனையோ தடவை தூண்டில் போட்டிருக்கிறேன்.

“மூணாவது வீட்டுல மத்தியானம் வரைக்கும் என்ன அண்ணே வேலை?”

“அடைப்பு.”

“என்ன அடைச்சிருந்தது?”

“எடுத்தாச்சும்மா.”

காபி வீண்.

அப்படிப்பட்ட மனுஷர் புத்தகம் எழுதுகிறார் என்று அவர் மனைவி வந்து சொன்னபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்ன அண்ணி எழுதறார்?”

“வேற என்ன, சாக்கடைதான். கொதிக்கிற எண்ணெய சிங்க்ல ஊத்தாதே, பழந்துணிய உள்ள தள்ளாதேன்னு. படம் வேற போட்டிருக்கார். வளைவு வளைவா.”

“நீங்க படிச்சீங்களா?”

“இருபத்தெட்டு வருஷமா சாப்பாட்டு நேரத்துல கேட்டுட்டு இருக்கேன். படிக்க வேற செய்யணுமா?”

அண்ணி படிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் யார் மேல் கோபப்படுவது என்று குழப்பம் வரும்.

அண்ணன் எழுதியது தொண்ணூறு பக்கம். அடைப்பு என்று ஒரே வார்த்தையில் தலைப்பு. எழுதி முடித்ததும் அதைப் புத்தகமாக்குவது எப்படி என்று தெரியாமல் பீரோவில் வைத்திருந்தார். அப்போதுதான், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு நிபுணர் ஆலோசனை, அனுமதி இலவசம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. வேலைக்குப் போகும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. எதற்குச் சான்றிதழ் என்று அவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த ஆலோசகர் தினமும் போன் பண்ணினார். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சந்து. ஆகவே நானும் இலவசமாக ஆலோசனை பெற்றேன்.

“எழுதறது சின்ன வேலை சார். யாரு வேணா எழுதலாம். எடுத்துட்டுப் போறதுதான் பெரிய வேலை.”

“எங்க எடுத்துட்டுப் போகணும்?”

“மனசுக்குள்ள சார்.”

இன்னொரு நாள், அட்டையில் குழாய் படம் கூடாது, முகம் வேண்டும் என்றார். முகத்தில் கண்ணீர் இருந்தால் உத்தமம். அடுத்த நாள், வெளியாகும் அன்றைக்கே ஐம்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டாக வேண்டும், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள் என்றார். படிக்க நேரம் வேண்டாமா என்று அண்ணன் கேட்டார். “படிச்சா லேட் ஆயிடும் சார்” என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்புதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த நோட்டு விஷயம். “உங்ககிட்ட இருக்கற எல்லாத்தையும் குடுங்க. துண்டுச் சீட்டு விடாம. எது வேணும், எது வேணாம்னு நாங்க பாத்துக்கறோம்” என்றார் ஆலோசகர். அண்ணனிடம் ஒரு தடித்த நோட்டு உண்டு. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். குழாய் எந்தச் சுவரில் போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இணைப்பு மூட்டைக் கழற்ற வேண்டும் என்று கோடு போட்டிருப்பார். கீழே, போன தடவை உள்ளேயிருந்து என்ன வந்தது என்று ஒரு வரி. அடுத்த முறை எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தெரிவதற்காக. அந்த நோட்டின் மேல் எனக்குப் பல வருஷமாகக் கண். அண்ணி துணி காயப்போடும் நேரத்தில் அது மேஜையில் கிடந்தால்கூட, அண்ணன் அதன்மேல் ஒரு இரும்பு ஸ்பேனரை வைத்துவிட்டுத்தான் நகருவார். அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். படங்களுக்காக. படங்கள் நன்றாக இருக்கும் என்று.

ஆலோசகர் ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்து, திருத்தி, கோத்து, நூற்று நாற்பது பக்கமாக்கி, சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் சரிபார்த்தார். எப்படிச் சரிபார்த்தார் என்று பிறகு கேட்டபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. புதுக் குழாய் போட்டால் ஒரு முனையில் தண்ணீர் விட்டு மறு முனையில் வருகிறதா என்று பார்ப்பார். மூட்டுகளைத் தடவிப் பார்ப்பார். மூட்டு ஈரமில்லை என்றால் நடுவில் குழாயை உடைத்துப் பார்ப்பாரா? மாட்டார். புத்தகத்தையும் அப்படியே பார்த்திருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் வரி, கடைசி வரி. இரண்டும் அவர் எழுதியபடியே இருந்தன. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்கும் இடங்கள், அவையும் சரி. அப்புறம் ஆலோசகருக்கு ஒரு செய்தி அனுப்பினார்.

“பார்த்தேன். கசிவு இல்லை.”

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது புத்தகப் பெட்டி வந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார், அண்ணி வெளியே போயிருந்தாள், கொண்டுவந்தவன் என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பெட்டி ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. மீதியை நான் கிழித்தேன்.

அட்டையில் ஒரு பெண் குழாயடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தலைப்பு, சுவர்களுக்குள் கண்ணீர். வேறு யாருடைய பெட்டியோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே அண்ணன் பெயர் இருந்தது.

நான் தேடியது என் வீட்டை. ஒளிப்பானேன், எல்லோரும் அதைத்தான் தேடியிருப்பார்கள். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். நாத்தனார் ஆசையாகச் செய்து அனுப்புகிற ஜாமைப் புட்டி புட்டியாகத் தொட்டியில் கொட்டிவிட்டு, ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்று போனில் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண். நாத்தனார் அனுப்பும் ஜாமில் பழத்தைவிடக் கொட்டை அதிகம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் மேல் வந்த ஆத்திரத்தில் பக்கங்களைப் புரட்டினேன். அறுபத்தொன்றாம் பக்கத்தில் நின்றேன்.

‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நடுவில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே, “தையல் எந்திரத்தின் சத்தம் விம்மும் வீடு அது. கணவன் கைவிட்டுப் போன வீடு. குளியலறைக் குழியிலிருந்து நான் அள்ளியது கூந்தல் அல்ல, ஒரு பெண்ணின் உயிர். கொடிய நோய்க்கு அவள் எடுத்த சிகிச்சை கொத்துக் கொத்தாகப் பறித்த உயிர். பெற்ற மகளுக்கும் தெரியாது. என் காலைப் பிடித்துக் கதறினாள், அண்ணா யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. இதோ, உலகத்துக்கே சொல்கிறேன்.”

எங்கள் தெருவில் தையல் மெஷின் இருக்கும் வீடு ஒன்றுதான். முனை வீடு. தையல்காரி இரண்டு மாதமாகத் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தாள். நான்தான் வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, “என்ன, புது ஃபேஷனா?” என்று கேட்டேன். ஆமாம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவள் வீட்டுக் குளியலறைக்குள் நான் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் வந்தது போல இருந்தது.

அடுத்தவர் சங்கதி கேட்பது எனக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு வரைமுறை இருக்கிறது. நான் காதில் வாங்குவேன், நாலு இடத்தில் சொல்லுவேன், அதில் கொஞ்சம் உப்பும் சேர்ப்பேன். அழுகிறவள் வாயில் வசனம் எழுதி, அட்டை போட்டு, மேலே ஐந்து நட்சத்திரம் கேட்க மாட்டேன்.

அண்ணன் சாயங்காலம் வந்தார். பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டில் தான் எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொன்னார். “தையல் வீடு. வளைவு இடது பக்கம். முடி, நிறைய. சிகிச்சை. மகளுக்குத் தெரியாது. வெளியே சொல்லக் கூடாது. இவ்வளவுதாம்மா எழுதியிருந்தேன். நான் மறந்துடக் கூடாதுன்னு எழுதினது.”

அண்ணி ஒன்றும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நாளைக்குக் காலைல போய் நிறுத்திட்டு வாங்க” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இவளையும் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குப் பேச வராது. இவளுக்கு நிறுத்த வராது.”

ஆலோசகர் அலுவலகம் ஒரு பழைய கட்டிடத்தில் மூன்றாவது மாடி. சுவர் முழுக்கப் புத்தக அட்டைகள். எல்லா அட்டையிலும் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள், அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் காலை வைத்ததும் ஒரு வாடை குப்பென்று அடித்தது. அழுகல் வாடை. அதன்மேல் ரோஜா வாசனை. மேஜைமேல் ஒரு வாசனை டப்பா, அதை ஆலோசகர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து அடித்துக்கொண்டே பேசினார். அண்ணன் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார், மூலையில் இருந்த கழிப்பறைக் கதவைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

“அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க” என்றார்.

“அந்தப் பக்கம்தான் சார் புத்தகமே. மத்ததெல்லாம் பைப்.”

“நான் பைப்பைப் பத்திதானே எழுதினேன்?”

“பைப்பைப் பத்தி யார் சார் படிப்பா? ஓடலைன்னா ஆளைக் கூப்பிடுவான். உங்க நோட்டைப் படிச்சிட்டு எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு அழுதுட்டா. அப்பவே சொல்லிட்டேன், இதுதான் நம்ம தூண்டில்னு.”

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. “அவ புருஷன் எங்கேயும் விட்டுட்டுப் போகலையே. லாரி ஓட்டறார். மாசத்துல ரெண்டு தடவை வர்றார். நானே பாக்கறேன்.”

“இருக்கட்டும் மேடம். புருஷன் பக்கத்துல நின்னா பரிதாபம் பாதியாயிடும். அதனால தூக்கிட்டோம்.”

“ஒரு மனுஷனைத் தூக்கிட்டீங்களா?”

“ஒரு வரிதானே மேடம்.” டப்பாவை எடுத்து அடித்தார். “பேர் எங்கேயாவது போட்டிருக்கோமா, சொல்லுங்க.”

“எங்க தெருவுல தையல் மெஷின் ஒண்ணுதான்” என்றார் அண்ணன்.

“உங்க தெருவுல எத்தனை பேர் சார் புத்தகம் படிப்பாங்க?”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரே படிக்கவில்லையே.

அதைப் பார்த்ததும் ஆலோசகருக்குத் தெம்பு வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு ஆலோசனையை ஆரம்பித்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கமும் அடுத்த பக்கமும் இலவச மாதிரியாக அவரிடம் பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் போகிறதாம். ஏற்பாடு முடிந்துவிட்டதாம். நிறுத்த முடியாதாம். நீங்களே சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று போனைத் திருப்பிக் காட்டினார். ‘பார்த்தேன். கசிவு இல்லை.’

“அந்தம்மாவுக்கு வருத்தமா இருக்கும்னா, வெளியீட்டுக்கு அவங்களையே கூப்பிடுங்க. மேடையில உக்கார வைப்போம். தலையில துணி கட்டியிருப்பாங்கல்ல, அப்படியே வரட்டும். நீங்க அவங்க கையில முதல் பிரதியைக் குடுக்கறீங்க. ஹால்ல ஒரு கண்ணு காயாது.”

நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். வாடையினாலா, அந்த ஆளினாலா என்று பிரிக்க முடியவில்லை.

“சண்டைக்கு வந்தாங்கன்னா இன்னும் நல்லது” என்றார். “யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க.”

அண்ணன் எழுந்தார். “நோட்டைக் குடுங்க” என்றார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பின்னால் டப்பாவின் சத்தம் கேட்டது, இந்தத் தடவை நீளமாக.

தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தையல்காரி வாசலில் நின்றார். என்னைப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தண்டனையாகக்கூட இருக்கலாம்.

அவள் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். மகள் பரீட்சைக்குப் படிக்கத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் நின்றபடியே சொன்னார். நோட்டைக் கொடுத்தது, சரியாகப் பார்க்காதது, நாளைக் காலை பத்து மணி. எதையும் பூசி மெழுகவில்லை. புத்தகத்தைக் கொடுத்தார். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் படித்தாள்.

“நான் எப்ப அண்ணே உங்க காலைப் பிடிச்சேன்?”

“பிடிக்கலம்மா.”

“வாளியை அந்தப் பக்கம் நகர்த்துங்கன்னு சொன்னேன். அப்புறம், வெளிய சொல்லிடாதீங்கன்னு சொன்னேன். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“எங்க வீட்டுக்காரரை ஏன் ஓடிப்போக வச்சிருக்காங்க? அந்த லாரிய விட்டுட்டு அந்த மனுஷன் பாத்ரூமுக்குக்கூட யோசிச்சுதான் போவார்.” சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. “பரீட்சை முடிய இன்னும் பதினோரு நாள் அண்ணே. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிட்டேன். பதினோரு நாள்தானே கேட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் படிச்சிட்டீங்களாக்கா?”

“நேத்து மத்தியானமே.”

“அப்ப தெருவுக்கே தெரிஞ்சிருக்கணுமே.”

“யார்கிட்டயும் சொல்லலை.”

அவள் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். ரவிக்கையை மடித்து வைத்தாள். “அவ வந்ததும் நானே சொல்லிடறேன். எவனோ எழுதின அழுகையை அவ போன்ல படிக்க வேணாம்” என்றாள். புத்தகத்தை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணி போடும் கூடையில் போட்டாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. நானும் என் ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பக்கங்கள் போயின. பதினொரு மணிக்கு ஆலோசகர் போன் பண்ணினார். சந்து வழியாகக் கேட்டது. “பின்னிட்டோம் சார், கண்ணீர்க் கமெண்டா வருது.” அண்ணன் ஸ்பீக்கரை அணைத்தார். அதன் பிறகு ஆலோசகரின் போனை எடுக்கவில்லை. வெளியீட்டு விழா நடக்கவில்லை, இணையத்தில் மட்டும் புத்தகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பெட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய், பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புத்தகங்களை அட்டையோடு ஊறப்போட்டார். இரண்டு நாளில் கூழாகிவிட்டது. அதையும் சாக்கடையில் கொட்டவில்லை, மண்வெட்டியால் அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தார். காகிதக் கூழ் குழாயை அடைக்குமாம். தொண்ணூறு பக்கத்தில் அதுவும் ஒரு பக்கம். நோட்டை அண்ணி அடுப்பில் போட்டாள்.

தையல்காரியின் மகள் பரீட்சை எழுதினாள். எப்படி எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. தையல்காரி துணி கட்டுவதை நிறுத்திவிட்டாள். யார் கேட்டாலும் மருந்தின் பெயர் உட்பட அவளே சொல்லிவிடுகிறாள், வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது போல, அவசர அவசரமாக. அதனால்தான் நானும் இதைச் சொல்கிறேன்.

தெருவைப் பற்றித்தான் சொல்லக் கூசுகிறது. ஒருவரும் புத்தகத்தைப் படிக்கவில்லை. இணையத்தில் நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள், அண்ணன் முன்னமே சொல்லி வைத்திருந்ததால். ‘பயனுள்ள நூல்’ என்று எழுதியவர், நோட்டு விஷயம் தெரிந்ததும் அண்ணனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வேறொரு ஆளை வரவழைக்கிறார்கள். அவன் வேலை செய்யும்போது யாராவது ஒருவர் பக்கத்திலேயே நின்று, உள்ளேயிருந்து வருவதை உடனே வாங்கிக்கொள்கிறார்கள்.

போன வாரம் என் தொட்டி அடைத்துக்கொண்டது. ஜாம்தான். அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், கீழே படுத்தார், எந்த மூட்டு என்று யோசித்தார். முன்பு யோசிக்க மாட்டார், நோட்டில் இருக்கும். தவறான மூட்டைக் கழற்றிவிட்டார். கறுப்புத் தண்ணீர் சமையலறை முழுக்கப் பரவியது. அவர் முகம் சுருங்கியது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். மூன்று வாளி.

“எடுத்தாச்சும்மா” என்றார் கடைசியில்.

காபி கொடுத்தேன். எதையாவது பேச வேண்டுமே என்று, “அந்த ஆபீஸ்ல என்ன அண்ணே அப்படி ஒரு நாத்தம்? எலி செத்துக் கிடந்ததா?” என்று கேட்டேன்.

“எலி இல்ல. கழிப்பறைத் தரைக்குழியில ஒரு வளைவு இருக்கும். அதுல எப்பவும் தண்ணி நிக்கணும். புழங்காம விட்டா காஞ்சிடும், கீழ இருக்கற நாத்தம் அத்தனையும் மேல வரும். ஒரு மக் தண்ணி ஊத்தினா போதும்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “இல்ல” என்றார். “டப்பா அடிக்கட்டும்.”

இருபது வருஷத்தில் இன்னொருவர் குழாயைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன ஒரே சங்கதி அது.